விலாசப் பக்கம்

பழைய கார்டுகள் கட்டாகக் கைக்கு வந்தால் யாரும் முதலில் எழுத்துப் பக்கத்தைத்தான் படிப்பார்கள். நான் இப்போதெல்லாம் திருப்பிப் போட்டு விலாசப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கார்டு எழுதியவருக்கு, அதை யார் யார் படிப்பார்கள் என்பது நன்றாகத் தெரியும். தபாலாபீசில் பிரிப்பவர் படிப்பார். கொண்டுவருகிற தபால்காரர் வழியிலேயே படித்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத வீடென்றால் திண்ணையில் உட்கார்ந்து அவரே உரக்கப் படித்தும் காட்டுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நிலையோரம் வந்து நிற்பார்கள். இத்தனை காதுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய வரிகளில் ஒரு குடும்பத்தின் வரலாறு நேராகக் கிடைத்துவிடாது. மறுபக்கத்தில் ராஜா தலையும் விலையும் தபால் முத்திரையும் ஊர்ப்பெயரும் இருக்கின்றன. அவற்றை யார் காதுக்காகவும் யாரும் ஜோடிக்கவில்லை.

இந்தியாவில் கார்டு 1879 ஜூலை 1ஆம் தேதி வந்தது. விலை கால் அணா. உலகத்தின் முதல் கார்டு ஆஸ்திரியா–ஹங்கேரியில் வெளிவந்து அப்போது பத்து வருஷம்கூட நிறைந்திருக்கவில்லை. ஆரம்பகாலக் கார்டுகளில், இந்தப் பக்கத்தில் விலாசம் மட்டுமே எழுத வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்தே கொடுத்தார்கள். 1922இல் கால் அணா அரையணாவாயிற்று, முப்பதுகளில் முக்காலணா. புதுக்காசு வந்த பிறகு 5 நயா பைசா. நான் எண்பதுகளில் வேலை தேடி எழுதிப் போட்டதெல்லாம் 15 காசுக் கார்டு. இன்றைக்கும் 50 காசுக்கு விற்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு இந்த விலைப்பட்டியலில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 1937 வரை பர்மா இந்தியத் தபாலுக்குள் அடக்கம். மதுரையிலிருந்து வருகிற கார்டுக்கும் வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பெகுவிலிருந்து வருகிற கார்டுக்கும் ஒரே காசுதான். அந்த அரையணா இல்லாவிட்டால் என் அப்பாவைப் பெற்ற ஐயா எங்கே இருந்தார், எப்போது இருந்தார் என்பதற்கு எங்களிடம் எந்தச் சாட்சியமும் மிஞ்சியிருக்காது.

ஐயா செட்டியார் வட்டிக்கடை ஒன்றில் கணக்கெழுதப் பர்மாவுக்குப் போனவர். ராமநாதபுரம் ஜில்லாவின் வடக்குப் பகுதியில், காரைக்குடியையும் தேவகோட்டையையும் சுற்றிய ஊர்களில், அந்தக் காலத்தில் இப்படிப் போகாத ஆள் இருந்த வீடு குறைவு. முதலாளி ஊரில் இருப்பார். பர்மாவில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று ஒரு கடை நடக்கும். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறுவார்கள். கணவன் முகத்தை மனைவி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் வாழ்க்கை. இடைப்பட்ட காலத்துக்குக் கார்டுதான்.

அப்பா காலமான பிறகு பழைய வீட்டைப் பிரித்தோம். பாகத்தில் யாருக்கும் வேண்டாமல் நின்றது பட்டாசாலைச் சுவரில் மாட்டியிருந்த கடுதாசிக் கம்பி. அடியில் வட்டப் பலகை, மேலே கொக்கி, நடுவில் கூரான கம்பி. வந்த கடுதாசியைப் படித்து முடித்ததும் அதில் குத்திவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டுக் கார்டுகள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துருக்கறை, அந்தக் கறைக்குள் போய்விட்ட இரண்டு மூன்று எழுத்துகள். ஆனால் கம்பிக்கு ஒரு நேர்மை உண்டு. அடியில் இருப்பது முதலில் வந்தது, மேலே இருப்பது கடைசியில் வந்தது. கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் படமெடுத்துவிட்டுத்தான் எடுத்தேன். இதுபோலக் கட்டு வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும் என்பேன். செலோடேப் ஒட்டுவதும் லாமினேட் செய்வதும் கூடவே கூடாது. பசை காலப்போக்கில் பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். காப்பிங் பென்சிலில் எழுதிய கார்டு மேல் ஈரக்கை படவே கூடாது, எழுத்து ஊதாவாகக் கரைந்து பரவிவிடும்.

கம்பியில் குத்தாத கார்டு ஒன்றும் இருந்தது. ரங்கூனில் ஸ்டூடியோ வைத்திருந்த டி.ஏ. அகூஜா வெளியிட்ட வர்ணப் படக் கார்டு, ஷ்வேடகோன் கோயிலின் படம். ஐயா ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தது. ஐயாவின் மனைவி, என் அப்பத்தா, அதைக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் சொருகி வைத்திருந்தாள். அகூஜாவின் கார்டுகளையும் பிலிப் கிளியர் எடுத்த பர்மாப் படங்களையும் இன்று உலகமெங்கும் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த ஒன்றுக்குத்தான் விலை கேட்டார், ஓட்டை விழுந்த மற்றவற்றைத் தொடவே இல்லை. படக் கார்டு எனக்குச் சொல்வது கொஞ்சம்தான். அதை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஓட்டை விழுந்த கார்டு உலகத்தில் ஒன்றே ஒன்று.

கார்டுகளுக்கு ஆண்டு கண்டுபிடிப்பதிலேயே ஒரு கோடை போயிற்று. ஐயா இங்கிலீஷ் தேதி போடமாட்டார். மேலே பிள்ளையார் சுழி, அதற்கடியில் ‘பிரமோதூத ௵ சித்திரை ௴’ என்று தமிழ்க் கணக்கு. வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் பெயர் மட்டும் போதாது. அங்கேதான் விலாசப் பக்கம் உதவிக்கு வருகிறது. ஐந்தாம் ஜார்ஜ் தலையா, ஆறாம் ஜார்ஜ் தலையா, அசோகச் சிங்கமா? அரையணாவா, முக்காலணாவா? மாவட்டத்தின் பெயர் என்ன? எங்கள் ஊர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்தது, 1985இல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் திருமகன் மாவட்டமாயிற்று, பிறகு சிவகங்கை மாவட்டமாயிற்று. பின்கோடு இருந்தால் அந்தக் கார்டு 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. முத்திரை இரண்டு இருக்கும்: போட்ட ஊர் முத்திரை, சேர்ந்த ஊர் முத்திரை. மை தீற்றிப் போன முத்திரையைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்து லென்ஸால் பார்த்தால் ஓர் இலக்கமாவது கிடைக்கும்.

விலாசத்தில் இருக்கும் பெயர் முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது, பிறகு அப்படி இல்லை. 1930இல் வந்த கார்டுகள் எல்லாம் என் அப்பா பெயருக்கு வந்தவை. அப்பாவுக்கு அப்போது ஒரு வயது. ‘சிரஞ்சீவி’ என்று தொடங்கி, நடக்கத் தெரியாத பிள்ளைக்கு நெல் அளந்த கணக்கும் கூரை மாற்றும் செலவும் எழுதியிருக்கிறார். செய்தி அப்பத்தாவுக்கு. ஆனால் மனைவி பெயரை ஊரறிய எழுத அவருக்குக் கை வரவில்லை. ‘உன் தாயார் உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்’ என்று குழந்தைக்குக் கட்டளை இடுகிறார். கம்பி முழுக்க எந்தக் கார்டிலும் அப்பத்தாவின் பெயர் கிடையாது. அத்தனை கார்டும் அவளுக்காகத்தான் வந்தன.

ஐயா எழுதும் முறைக்கு மாறாத ஓர் அச்சு உண்டு. இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் யாவரும் க்ஷேமத்துக்குப் பதில் எழுதவும். பிறகு ‘நிற்க’ போட்டுப் பணவிஷயம். பிறகு விசாரிப்புகள். கடைசியில், முப்பதுகளின் நடுவில் ஐயாவின் தம்பியான சின்ன ஐயாவும் அதே கடைக்கு வேலைக்குப் போன பிறகு, ஒவ்வொரு கார்டிலும் ஒரே வாசகம்: ‘தம்பியும் க்ஷேமம்.’ படித்துக்கொண்டே போனால் அலுப்பாகத்தான் இருக்கும். எத்தனை வருஷம், எத்தனை கார்டு, எல்லாரும் எப்போதும் க்ஷேமம்.

அதனால்தான் முத்திரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பர்மாவின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பிரமோதூத வருஷம் சித்திரை 30ஆம் தேதியிட்ட கார்டு ஒன்று பெகுவிலிருந்து வந்தது. ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம். உஷ்ணம் மிகுதியானபடியால் சில தினங்களாக வெளியில் படுக்கை’ என்று அதில் இருக்கிறது. சித்திரை வெயிலுக்கு வெளியில் படுத்தார் என்று யாரும் கடந்து போய்விடலாம். அதற்கு ஒரு வாரம் முன்னால், 1930 மே 5ஆம் தேதி இரவு, பெகுவைப் பெரும் பூகம்பம் புரட்டிப் போட்டது. அந்த ஊரில் மட்டும் சுமார் ஐந்நூறு பேர் இறந்தார்கள். ஊருக்கு அடையாளமான ஷ்வேமாடோ பகோடா சரிந்து விழுந்தது. ஐயா தெருவில் படுத்தது அதனால். ஊரில் ஒரு வயதுப் பிள்ளையோடு இருக்கிற மனைவிக்கு, தபால்காரர் வாயால் அந்தச் செய்தி போக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். பொய்யும் எழுதவில்லை. வெயில் அடித்ததும் உண்மைதான், வெளியில் படுத்ததும் உண்மைதான்.

அந்த ஆண்டில் அதோடு முடியவில்லை. மே மாதக் கடைசியில் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் பர்மியத் தொழிலாளர்களுக்கும் இடையே மூண்ட சண்டை நகரமெங்கும் கலவரமாகப் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். டிசம்பரில் தாராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தது. இந்த மாதங்களின் முத்திரை குத்திய கார்டுகள் கம்பியில் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் க்ஷேமம். புளி அனுப்பச் சொல்லி ஒரு கார்டு. பிள்ளைக்கு அரைஞாண் செய்யச் சொல்லி ஒரு கார்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1931, 1932ஆம் ஆண்டுக் கார்டுகளில் ‘கோர்ட்டு வேலை அதிகம்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு ஐயா சொல்லும் சமாதானம் அது. அந்தக் கோர்ட்டு வேலை என்னவென்று எனக்கு இப்போது தெரியும். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து விழுந்தது. கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் வழக்குக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் இருந்த விளைநிலம் நூற்றுக்கு 6 பங்கு, 1938இல் நூற்றுக்கு 25 பங்கு. வட்டிக்குக் கொடுத்தவர்கள் யாரும் அந்த நிலத்தை ஆசைப்பட்டு வாங்கவில்லை என்றும், பணம் முடங்கிப் போய் மண்ணாகத் திரும்பி வந்தது என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் உழுதவனுக்கு நிலம் போனது போனதுதான். ஐயா கடைக்குக் கூலிக்குக் கணக்கெழுதியவர், முதலாளி அல்லர். என்றாலும் எங்கள் வீட்டு நெல்லும் கூரையும் அப்பாவின் அரைஞாணும் அந்தப் பேரேட்டிலிருந்து வந்தவைதான். பெகு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் என் வயதில் ஒருவர் தன் பாட்டனின் கதையைத் தேடினால், அவருக்குக் கிடைக்கும் கோர்ட்டுக் காகிதத்தில் ஐயாவின் கையெழுத்து சாட்சியாக இருக்கக்கூடும். குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்துக் கண்ணீரை மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அன்றைக்குப் புதுத் தபால்தலை தயாராக இல்லாததால் இந்தியத் தபால்தலைகளின் மேலேயே பர்மா என்று அச்சடித்துப் புழங்கவிட்டார்கள். எங்கள் கம்பியிலும் அந்த இடத்தில் ஐந்தாம் ஜார்ஜின் தலைக்கு மேல் கறுப்பு எழுத்து வருகிறது. எழுத்துப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதுவரை உள்நாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அயல்நாட்டில் இருப்பவராகிவிட்டார்.

விஷு வருஷம் கார்த்திகையில் ஒரு கார்டு வந்திருக்கிறது. ‘தம்பியும் க்ஷேமம்’ அதிலும் உண்டு. அடுத்த மாதம், 1941 டிசம்பர் 23ஆம் தேதி, ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போக, லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகப் புறப்பட்டார்கள். வடக்கே தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு கூட்டம். மேற்கே புரோமிலிருந்து அரக்கான் மலைத்தொடரில் ஏறி, டௌங்கப் கணவாயைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கி, படகில் அக்யாப், அங்கிருந்து சிட்டகாங் என்று இன்னொரு கூட்டம். கணவாயில் தண்ணீர் இல்லை, காலரா இருந்தது. வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

கம்பியில் அடுத்ததாக இருப்பது சிட்டகாங் முத்திரை குத்திய முக்காலணா இந்தியக் கார்டு. கையெழுத்து ஐயாவுடையது இல்லை, யாரோ ஒரு தமிழர் எழுதித் தந்திருக்கிறார். பிள்ளையார் சுழி இல்லை. சிட்டகாங் வந்து சேர்ந்தது, உடம்பு க்ஷேமம், கல்கத்தா போய் ரயில் ஏறுவது, பணம் அனுப்ப வேண்டாம், கவலைப்பட வேண்டாம். நாலே விஷயம். அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பட்டாசாலையில் நின்று அவர்தான் உரக்கப் படித்தாராம். ஐயா உயிரோடிருக்கிறார் என்று தெரிந்து தெருவே சந்தோஷப்பட்டது. அப்பத்தா மட்டும் இன்னொரு தரம் கடைசிவரை படிக்கச் சொன்னாள். அப்பா படித்தார். அவள் மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னாள். சின்ன ஐயாவின் மனைவி சின்ன அப்பத்தா தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். ‘தம்பியும் க்ஷேமம்’ என்ற வாசகம் அந்தக் கார்டில் இல்லை.

அந்தக் கார்டு கம்பியில் இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி கொண்டுவந்த கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகப் போவார்கள். ஆகவே எந்த வீட்டுக் கம்பியிலும் கல்யாணமும் பிறப்பும் பணமும் இருக்கும், சாவு இருக்காது. கார்டுகளை வைத்துக் குடும்ப மரம் வரைய முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பிறந்த தேதிகள் ஏராளமாகக் கிடைக்கும், இறந்த தேதிகள் கிடைக்கவே கிடைக்காது. சிட்டகாங் கார்டு யாருடைய சாவையும் சொல்லவில்லை. அதனால் அது கிழிபடவில்லை.

ஐயா வந்து சேர்ந்தார். மறுபடி கப்பலேறவில்லை. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். சின்ன ஐயாவைப் பற்றி யாராவது கேட்டால், அக்யாபில் கூட்டத்தில் பிரிந்துவிட்டதாகவும் பர்மாவிலேயே எங்காவது தங்கியிருப்பான் என்றும் சொல்லியிருக்கிறார். சண்டை முடிந்து தபால் மறுபடி ஓடத் தொடங்கியதும் ரங்கூன், அக்யாப் விலாசங்களுக்கு விசாரித்து எழுதினார் என்று அப்பா சொன்னதுண்டு. பதில் எதுவும் கம்பியில் இல்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் கட்டின் குறை எனக்கு உறைத்தது. ஒரு வீட்டில் இருப்பது அந்த வீட்டுக்கு வந்த கடுதாசி மட்டும்தான், அந்த வீட்டிலிருந்து போனது இன்னொரு வீட்டில் இருக்கும். உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் கண்போலப் பாதுகாத்தார். அவற்றில் 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்’ என்ற பெயரில் பதிப்பித்திருக்கிறார். அத்தனை பெரிய புதையலிலும் ஐயருக்கு மற்றவர்கள் எழுதியதுதான் இருக்கிறது. ஐயர் எழுதியதைத் தேட வேண்டுமானால் மற்றவர்களின் வீட்டுப் பரணுக்குப் போக வேண்டும். பெயரில்லாத குடும்பங்களுக்கும் அதே விதிதான், ஆனால் நமக்காகத் தேடுவதற்குப் பதிப்பாசிரியர் வரமாட்டார். எங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதிக்கொண்டே புத்தகங்களோடு துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவருக்குப் பின் அந்தச் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. மற்றவர்கள் குப்பை என்றதை எடுத்து வைக்க ஒரு தனி மனிதர் போதும் என்பதற்கு அவர் சாட்சி. அந்தத் தைரியத்தில் நான் உறவுக்காரர் வீடுகளின் பரணைக் கேட்டுக்கொண்டு போனேன்.

தேவகோட்டையில் அப்பத்தாவின் மகளான அத்தை வாழ்ந்த வீட்டில், அத்தை மகன் ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதில் அப்பத்தா எழுதிய கடுதாசிகள் இருந்தன.

அப்பத்தா எழுதுவாள் என்பதை நான் அறிந்திருந்தேன். எப்படி எழுதக் கற்றாள் என்பது எங்கள் கம்பியிலேயே இருந்தது. முப்பதுகளின் கடைசியில் வந்த சில கார்டுகளின் விலாசப் பக்கத்தில், வெற்றிடத்தில், பென்சிலால் கோணல்மாணலாக எழுத்துகள். அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து சொல்லிக் கொடுக்க, வந்த கார்டையே பார்த்து அப்பத்தா எழுதிப் பழகியவை அவை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவள் முதலில் எழுதிப் பார்த்தது ‘அ’வும் இல்லை, ‘ஆ’வும் இல்லை. ஒரு கார்டில் மூன்று முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக, ‘க்ஷேமம்’ என்று எழுதியிருக்கிறாள். காதால் கேட்டு மனப்பாடமாகியிருந்த சொல். அதன் உருவத்தைக் கார்டில் தேடிப் பிடித்திருக்கிறாள். 1951 மக்கள்தொகைக் கணக்கில்கூட இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, கணவன் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்கச் சகிக்காமல், இந்தப் பெண் எழுத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள். எங்கள் குடும்ப வரலாற்றில் நான் பெருமைப்படும் இடம் இது.

தகரப் பெட்டியில் கார்டுகளும் இருந்தன, நீல இன்லேண்டுகளும் இருந்தன. ஒட்டி அனுப்பும் இன்லேண்ட் லெட்டர் 1950இல் வந்தது. அதற்கு முன்பும் உறையில் போட்டு அனுப்ப வழி இருந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் கவர் வாங்குவது ஊதாரித்தனம். இன்லேண்ட் வந்த பிறகு, ஏழை வீட்டுக்கும் மூடி எழுதும் வசதி கிடைத்தது. அப்பத்தா இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தியிருக்கிறாள். கார்டில் ஐயாவின் அதே அச்சு: எல்லாரும் க்ஷேமம், மிளகாய் விலை, பசு கன்று போட்டது. இன்லேண்டில் அவள் பேச்சு அப்படியே வந்து விழுகிறது. புள்ளி கிடையாது, கமா கிடையாது. மகளிடம் பேசுகிறவள் நிறுத்திப் பேசுவாளா?

ஐம்பதுகளின் நடுவில் எழுதிய இன்லேண்ட் ஒன்று. ‘ஒங்கய்யா ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிறாக’ என்று தொடங்குகிறது. அத்தை தன் அப்பாவை ஐயா என்றுதான் அழைப்பாள். பிறகு அப்பத்தா, ஐயா தன்னிடம் மட்டும் சொன்னதை மகளுக்குச் சொல்கிறாள். டௌங்கப் மலையில் சின்ன ஐயாவுக்குக் காலரா கண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் ஐயா கூடவே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் உயிர் போயிற்று. மண்ணை வெட்ட ஏதும் இல்லை. சருகையும் கல்லையும் போட்டு மூடிவிட்டு, முன்னால் போன கூட்டத்தைப் பிடிக்க நடந்தார். அப்பத்தா இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதுகிறாள்: ‘இத ஒங்க சின்னாத்தாகிட்ட சொல்லிப்புடாத அவ கழுத்துல கெடக்கிறது கெடக்கட்டும்.’

சின்ன அப்பத்தா தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டிருந்தாள். குழந்தை இல்லை. தாலியோடும் குங்குமத்தோடும்தான் கடைசிவரை இருந்தாள். நான் பள்ளியில் படிக்கும்போது அவளைப் பார்த்திருக்கிறேன். நல்ல காரியங்களுக்கு அவளை முன்னால் கூப்பிடுவார்கள். மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசச் சொல்வார்கள். 1964இல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைக்கு வந்து இறங்கியபோது, தன் அண்ணன் மகனைத் துறைமுகத்துக்கு அனுப்பி விசாரித்துவரச் சொன்னாளாம். அவன் போய்வந்தான். இறங்கியவர்கள் யாருக்கும் தெரியவில்லை என்றான்.

அந்த அண்ணன் வீட்டுக்கும் போனேன். அங்கே கம்பி இல்லை. ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் சில கார்டுகள், எல்லாம் ஐயா எழுதியவை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மணியார்டரில் பணம் அனுப்பிவிட்டு, சேர்ந்ததா என்று விசாரிக்கும் இரண்டு வரிக் கார்டுகள். நான் வழக்கம்போல விலாசப் பக்கத்தைத் திருப்பினேன். தன் மனைவியின் பெயரை ஒரு கார்டிலும் எழுதாத ஐயா, தம்பி மனைவியின் பெயரை விலாசத்தில் முழுதாக எழுதியிருந்தார். பெயருக்கு முன்னால், சுருக்காமல், ‘சௌபாக்கியவதி’ என்று எழுதியிருந்தார். கணவன் உயிரோடிருக்கும் பெண்ணுக்கு எழுதும் மரியாதை அது. ஒவ்வொரு கார்டிலும் அப்படித்தான். தம்பியைக் கல்லால் மூடிவிட்டு வந்த கை அதை எழுதியிருக்கிறது. தபால்காரர் படிப்பார், தெரு படிக்கும், அண்ணன் வீட்டார் படிப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்தே, எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் எழுதியிருக்கிறது. யாரும் ஜோடிக்காத பக்கம் என்று நான் நம்பியிருந்த பக்கம் அது.

சின்ன அப்பத்தாவுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்குமா என்று அத்தை மகனிடம் கேட்டேன். “தெரியாம இருக்குமா மாப்ளே? சிட்டகாங் கார்டப் படிக்கையில அவுகளும் நின்னுக்கிட்டுத்தானே இருந்தாக” என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த வருஷம் தம்பி பிள்ளைகள் கேட்டார்கள் என்று வம்சாவளியைப் பெரிய தாளில் எழுதிக் கொடுத்தேன். சின்ன ஐயாவின் பெயருக்கு நேரே, விஷு வருஷம் மாசி மாதம், டௌங்கப் கணவாய் என்று குறித்திருக்கிறேன். பக்கத்துக் கட்டத்தில் சின்ன அப்பத்தாவின் பெயருக்கு முன்னால், ஐயா எழுதியபடியே, சௌபாக்கியவதி என்று எழுதினேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சிட்டகாங் கார்டையும் நீல இன்லேண்டையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன்.